பெல்ட் மாற்றியபின் வண்டி உதறுகிறதா?

பகாவ் தோட்டப் பாதையில் ஓடும் பழைய மிட்சுபிஷி ஸ்டோர்ம், டைமிங் பெல்ட் மாற்றிய மறுநாளே உதறுகிறதா? உடனே இன்ஜெக்டருக்குக் காசு கொடுக்காதீர்கள். கைவைத்த இடத்தில்தான் முதலில் தேட வேண்டும்.

வெள்ளைப் புகை, ஸ்டார்ட் ஆகச் சிரமம், இழுவைக் குறைவு என்றால் பம்ப் தாமதமாக டீசல் பீய்ச்சுகிறது. 'டக்டக்' சத்தம் கூடினால் முந்திப் பீய்ச்சுகிறது. பெல்ட் ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தாலே இப்படி ஆகும்.

புகையில்லை, இழுவையும் குறையவில்லை, நடுக்கம் மட்டுமா? இதன் 4டி56 இன்ஜினில் அதிர்வை அடக்கும் தண்டுகளுக்கு இன்னொரு சிறிய பெல்ட் உண்டு. அதன் குறி தவறியிருக்கலாம்.

"அண்ணே, இன்ஜினைக் கையால ரெண்டு சுத்து சுத்தி, குறியெல்லாம் சேருதான்னு பாருங்க" என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். அதுவரை ஓட்டாதீர்கள். வால்வு பிஸ்டனில் இடித்தால், பெல்ட் செலவு இன்ஜின் செலவாகிவிடும்.