மைக்கை ஒளிச்சு வைக்காதீங்க

எந்த கேமரா வாங்கலாம்னு தெரிஞ்ச பசங்க அடிக்கடி கேக்குறாங்க. எந்த மைக்னு இதுவரை ஒருத்தனும் கேட்டதில்லை. கேட்டா சொல்றதுக்குன்னு ஒரு பதிலை நாலஞ்சு வருஷமா சுமந்துக்கிட்டு திரியறேன். இன்னிக்கு இறக்கி வச்சிடறேன்.

2021-ல, மதுரை புதுமண்டபத்துல கடைகளைக் காலி பண்ணச் சொல்றாங்கன்னு பேச்சு பலமா இருந்த நேரம். தூண்களுக்கு நடுவுல தையல் மிஷின் போட்டு வரிசையா உக்காந்திருப்பாங்களே, அதுல ஒரு பெரியவர்கிட்ட போனேன். "உக்காரு தம்பி, தைச்சுக்கிட்டே பேசுறேன்"னார். சித்திரைத் திருவிழாவுக்கு கள்ளழகர் வேஷம் கட்டுறவங்களுக்குத் தைக்கிற உடுப்பு பத்தி, அதே தூணடியில உக்காந்து தைச்ச அவங்க அப்பா பத்தி, அரை மணி நேரம் பேசினார். நடுவுல மிஷினை நிறுத்திட்டு, தூண் மேல கையை வச்சுக்கிட்டு ரெண்டு நிமிஷம் என்னமோ சொன்னார். கண்ணு கலங்கிருச்சு மனுஷனுக்கு.

என்ன சொன்னார்னு கேக்குறீங்களா? எனக்கே தெரியாதுங்க.

அவர் சட்டையில சின்னதா ஒரு காலர் மைக் மாட்டியிருந்தேன். கழுத்துல தொங்கின இஞ்ச் டேப் அது மேல உரசிக்கிட்டே இருந்திருக்கு. வீட்டுக்கு வந்து போட்டா சரக் சரக்னு அரை மணி நேரமும் டேப்தான் பேட்டி குடுக்குது. இரைச்சலைக் குறைக்கிற மென்பொருள்ல போட்டேன். சத்தத்தோட சேர்ந்து குரலும் போச்சு. பதிவாகுதேங்கிற தைரியத்துல நானும் பாதியைத்தான் காதுல வாங்கியிருக்கேன். ஹெட்போன் பையிலயே பத்திரமா இருந்துச்சு. ஒழுங்கா மாட்டியிருந்தா முதல் நிமிஷத்துலயே கண்டுபிடிச்சிருப்பேன்.

ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி போனேன். "அதான் அன்னிக்கே சொன்னேனே தம்பி"ன்னு நாலு வரியில முடிச்சுட்டார். அவரைத் தப்பு சொல்ல முடியாது. அழுததைத் திரும்ப அழுது காட்டுங்கன்னா யாரால முடியும்? அப்புறம் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிடுச்சு. அங்க போய்த் தேடினேன், ஆளைக் காணோம்.

அதனால என் கட்சி இதுதான்: தெருவுல பேட்டி எடுக்கணும்னா கையில பிடிக்கிற டைனமிக் மைக். அதுலயும் எல்லாப் பக்கமும் கேக்குற ஆம்னி வகை. எலக்ட்ரோ வாய்ஸ் ஆர்ஈ50, ஷூர் எஸ்எம்63, சென்ஹைசர் எம்டி 42 எல்லாம் இந்த ஜாதி. எல்லாப் பக்கமும் கேட்டா தெரு இரைச்சலும் வருமேன்னு சண்டைக்கு வருவீங்க. வரும். ஆனா இரைச்சலை ஜெயிக்கிறது திசை இல்லீங்க, நெருக்கம். தூரம் ரெண்டு மடங்கானா குரல் 6 டெசிபல் இறங்கும். கேமரா தலையில உக்காந்திருக்கிற நீள மைக் வாயில இருந்து 120 சென்டிமீட்டர்ல இருக்குன்னு வைங்க, கை மைக்கை 15 சென்டிமீட்டருக்குக் கொண்டுபோயிடலாம். ஏறக்குறைய 18 டெசிபல் லாபம். ஆம்னிக்கு காத்தடிச்சாலும் கை உரசினாலும் அவ்வளவா உறுத்தாது. பேசறவர் தலையைத் திருப்பினாலும் குரல் ஓடிப் போகாது. டைனமிக்குக்கு பேட்டரியும் வேண்டாம்.

குறையும் இருக்கு, மறைக்க மாட்டேன். டைனமிக் மைக்ல இருந்து வர்ற சிக்னல் ரொம்ப மெலிசு. நேரா போன்ல சொருகினா உஸ்ஸ்ஸுன்னு ஒரு இரைச்சல் கூடவே வரும். எக்ஸ்எல்ஆர் துளை உள்ள ஒரு சின்ன ரெக்கார்டர்ல சேர்த்துட்டு வீட்ல வந்து ஒட்டிக்கிறது உத்தமம். கல்யாண மண்டபத்து மேடை மைக்கை இரவல் வாங்கிட்டுப் போறவங்க அதுல உள்ள சுவிட்சை முதல்ல டேப் போட்டு ஒட்டிடுங்க. பேட்டி சூடு பிடிக்கிறப்பதான் நம்ம கட்டைவிரல் அதை அணைக்கும்.

இப்ப எல்லார் கையிலயும் குட்டி ஒயர்லெஸ் மைக்தான். ரோடு 2019-ல ஒயர்லெஸ் கோ கொண்டுவந்த பிறகு இந்த ரகம் காட்டுத்தீயா பரவிடுச்சு. மாட்டுறதுக்குன்னு கிளிப்போட குடுத்தா, பசங்க மூக்குப்பொடி பிடிக்கிற மாதிரி ரெண்டு விரல்ல பிடிச்சு எதிராளி மூஞ்சிக்கு நேரா நீட்டுறாங்க. விரல் அசையறதெல்லாம் பதிவாகும். சரி மாட்டலாம்னா, பூக்கட்டுற அக்காகிட்ட போய் சேலையில மைக் குத்தவான்னு எப்படிக் கேப்பீங்க? அவங்களே மாட்டிக்கிட்டாலும் அதுக்குள்ள வியாபாரம் வந்துடும். ஒரு இடத்துல உக்கார வச்சு ஒரு மணி நேரம் பேசுறதுக்கு அந்த மைக் தங்கம். தெருவுக்கு ஒத்து வராது.

"பெரிய மைக்கைப் பார்த்தா சனங்க மிரளுறாங்க சார், சின்னது இருந்தா இயல்பா பேசுறாங்க"ன்னு ஒரு தம்பி சொன்னார். உண்மைதான். ஆனா அந்த மிரட்சி அவங்க உரிமை இல்லையா? கண்ணுக்கு முன்னால நீட்டின மைக் 'உங்க பேச்சு பதிவாகுது'ன்னு சொல்லிடுது. அதைப் பார்த்த பிறகும் பேசினா மனசார பேசுறாங்கன்னு அர்த்தம். சட்டைப் பொத்தான் மாதிரி ஒண்ணை வச்சு, பேசுறது எங்க போகும்னு தெரியாத ஆள்கிட்ட வாயைக் கிண்டி எடுக்குறது எனக்கு ஒப்பலை.

போன வாரம் விளக்குத்தூண் பக்கம் பூ விக்கிற ஒரு ஆத்தாகிட்ட மைக்கோட போய் நின்னேன். ஒரு பார்வை பார்த்துச்சு. "அந்தக் கருமத்தைத் தூர வச்சுட்டு வா, பேசுவோம்"னுச்சு. பையில போட்டுட்டு கிட்ட உக்காந்தேன். முக்கால் மணி நேரம் பேசிட்டு ரெண்டு முழம் மல்லிகை வாங்கிட்டு வந்தேன்.