பாட்டு நம்மளது, சாவி யாருது?

மேக் இல்லாம மியூசிக் பண்ண முடியாதுன்னு நம்ம பசங்ககிட்ட ஒரு மூடநம்பிக்கை. ரஹ்மான் லாஜிக் வச்சிருக்கார், அதனால நமக்கும் லாஜிக் வேணுமாம். (அவர்கிட்ட காதும் இருக்கு சாமி!)

அந்த லாஜிக்கே ஒரு காலத்தில் விண்டோஸிலும் ஓடியதுதான். அதைச் செய்த இமேஜிக் என்ற ஜெர்மன் கம்பெனியை 2002-ல் ஆப்பிள் வாங்கியது. விண்டோஸுக்கு மங்களம் பாடிட்டாங்க. காசு கொடுத்து வாங்கினவங்க பழைய வெர்ஷனோட நின்னாங்க.

இங்க சுவிஸ்ல கதை தலைகீழ். லோசான் பக்கத்துல பிறந்த பிரமிக்ஸ், மேற்கத்திய செவ்வியல் ரெக்கார்டிங்குக்குப் பேர்போனது. அது விண்டோஸுக்கு மட்டும். மேக்காரங்க பூட் கேம்ப் போட்டு ஓட்டினாங்க. 2020-ல் ஆப்பிள் சொந்தச் சிப்புக்கு மாறினதும், புது மேக்ல அந்த வழியும் அடைஞ்சது.

ப்ளக்-இன் இன்னும் மோசம். விஎஸ்டின்னு பேர் ஒண்ணுதான். ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனியா கம்பைல் பண்ணணும். லாஜிக்கோ விஎஸ்டியையே சேர்த்துக்காது, ஆடியோ யூனிட்தான் வேணும்னு நிக்கும். என்னோடது லினக்ஸ். விண்டோஸ் ப்ளக்-இன்களை வைன், யாபிரிட்ஜ் புண்ணியத்துல ஓட்டறேன். டாங்கிள் கேக்கிறதெல்லாம் முரண்டு பிடிக்கும்.

என்னைக் கேட்டா, மாணவனுக்கு ரீப்பரோ பிட்விக்கோ போதும். மூணு இயங்குதளத்திலும் ஓடும். எதுல செஞ்சாலும் ட்ராக்கை எல்லாம் வேவ் கோப்பா, நோட்ஸை மிடியா தனியா எடுத்து வச்சிடணும். மிடி 1983 சரக்கு, இன்னிக்கும் எல்லாத்துலயும் திறக்குது. மதுரைல கூட்டாளி மேக்ல வாசிக்கிறான், நான் இங்க லினக்ஸ்ல மிக்ஸ் பண்றேன். எங்க பாட்டு இப்படித்தான் போய் வருது.