தாய்மரண மீளாய்வின் ஒழுங்கு எல்லா விடுதிகளுக்கும் வேண்டும்

2022 மார்ச் இறுதியில் பேராதனை போதனா வைத்தியசாலை, மருந்துத் தட்டுப்பாட்டால் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்துவதாக வெளிப்படையாக அறிவித்தது. செய்தி கடல் கடந்தது. இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் உதவ முன்வந்தார். இருப்பதை வைத்துச் சமாளிப்போம் என்று கூடத்தைத் திறந்து வைத்திருந்தால், ஆபத்து முழுவதையும் சத்திரசிகிச்சை மேசையில் கிடந்த நோயாளியே சுமந்திருப்பார். இயலாததை உரிய வேளையில் வாய்விட்டுச் சொன்னது நோயாளர் பாதுகாப்பின் முதற்பாடம்.

2023 ஜூலையில் அதே வைத்தியசாலையில் செஃப்ட்ரியாக்சோன் ஊசிமருந்து ஏற்றப்பட்ட பின் ஓர் இளம்பெண் உயிரிழந்தார். நாடு கொதித்தது. மருந்தின் தரமா, அளவா, ஏற்றிய முறையா, ஒவ்வாமையா என்ற விவாதம் வாரக்கணக்கில் நீடித்தது. அது நம் விடுதிகளில் நாள்தோறும் கையாளப்படும் மருந்து. ஆகவே இது ஒரு வைத்தியசாலையின் கதையாக முடிந்துவிடக் கூடாது.

கடும் ஒவ்வாமை, முன்னர் எந்த அறிகுறியும் காட்டாதவருக்கும் வரலாம். தோல் பரிசோதனையில் ஒன்றும் தெரியாததால் மட்டும் ஆபத்து இல்லை என்று ஆகாது. எனவே ஏற்றுமுன் கேட்பதும், ஏற்றியபின் அருகில் நிற்பதும், அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதும் ஒன்றுக்கொன்று காவல். வளர்ந்தவருக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்புறத் தசையில். மூத்த வைத்தியர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதை விடுதியில் உள்ள ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்து வரும் தாயிடம், “எந்த மருந்தாவது ஒத்துக்காமப் போச்சா? தடிப்பு, மூச்சு முட்டல் வந்துச்சா?” என்று தமிழில் கேட்க ஒருவர் இல்லாத விடுதியில் முதற்காவலே இல்லை.

இந்தக் காவல்கள் பழுதடைவது பெரும்பாலும் மரணத்துக்கு வெகு முன்னரே தெரியவரும். ஒரே தோற்றத்தில் இரு மருந்துக் குப்பிகள் ஒரே தட்டில் இருந்ததைத் தாதி கண்டிருப்பார். அளவு பிழையாக எழுதப்பட்டதை மருந்தாளர் திருத்தியிருப்பார். நோயாளிக்குத் தீங்கு நேரவில்லை என்பதால் இருவரும் பேசாதிருப்பார்கள். பேசினால் விசாரணை வருமோ என்ற அச்சமும் உண்டு. சுகாதார அமைச்சில் தரத்துக்கும் பாதுகாப்புக்குமான பணிப்பகம் உள்ளது. அறிக்கைப் படிவங்களும் உள்ளன. எழுதியவருக்குத் தண்டனை வராது என்ற நம்பிக்கைதான் இன்னும் வேரூன்றவில்லை.

அந்த நம்பிக்கை நமக்குப் புதிதல்ல. 1980களிலிருந்து இந்நாடு தாய்மரணங்களை ஒவ்வொன்றாக மீளாய்ந்து வருகிறது. மகப்பேற்று நிபுணர், தாதி, சுகாதார வைத்திய அதிகாரி, வீடுவீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர் எனப் பலரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். எங்கே தாமதம், குருதி ஏன் கிடைக்கவில்லை, யாரை முன்னரே அனுப்பியிருக்கலாம் என்று தேடுகிறார்கள். குற்றவாளியைக் கண்டுபிடிப்பது அங்கே நோக்கமல்ல. 2010களில் 1 இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்குத் தாய்மரணம் 40க்கும் கீழே நின்றது. அதற்குக் காரணங்கள் பல. இந்த ஒழுங்கும் அவற்றில் ஒன்று.

தண்டனையே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பதிவேட்டைத் திருத்தி எழுதுவதும், தரமற்றது என அறிந்தே மருந்தை வாங்குவதும் குற்றங்கள். அவை நீதிமன்றத்துக்கு உரியவை. களைப்பிலும் ஆட்பற்றாக்குறையிலும் நேரும் பிழையை அவற்றோடு சேர்த்துக் கட்டினால், அடுத்த பிழை மறைக்கப்படும். குடும்பத்துக்கும் உண்மை கிடைக்காது. என்ன நடந்தது என்பதை அவர்களுக்குப் புரியும் மொழியில், பொறுப்பான ஒருவர் நேரில் அமர்ந்து சொல்வது நம் கடமை.

ஆகவே விடுதிகளுக்கு எமது வேண்டுகோள் இது. வாரம் ஒருமுறை அரைமணி நேரம் ஒதுக்குங்கள். வைத்தியர், தாதி, மருந்தாளர், சிற்றூழியர் அனைவரும் அமருங்கள். அந்த வாரம் நூலிழையில் தப்பிய ஒன்றைப் பெயர் குறிப்பிடாமல் பேசுங்கள். ஒரு மாற்றத்தை முடிவுசெய்து, அது நடந்ததா என்று அடுத்த வாரம் பாருங்கள். முதலில் பேச வேண்டியவர் விடுதியின் நிபுணரே. அவர் தம் பிழையைச் சொல்லும் விடுதியில்தான் பயிற்சித் தாதியும் வாய் திறப்பார்.