உப்பளத்து மக்களும் விழாப் பிரதிநிதிகளே

குசராத்தின் சிறிய ரண் உவர்நிலத்தில் உப்பு விளைவிக்கும் ஒரு குடும்பத்தின் உழைப்பை ஃபரீதா பாச்சா ஆவணப்படமாக்கினார். 'மை நேம் இஸ் சால்ட்' என்னும் அப்படம், 2013இல் ஆம்ஸ்டர்டாம் ஆவணப்பட விழாவில் முதற்படத்திற்கான விருதைப் பெற்றது. அதனைத் துல்லியமாக எடைபோட வல்லோர் உப்பளங்கள் நிறைந்த நம் மரக்காணத்தில் வாழ்கின்றனர். உவர்நீரின் பதம், பாத்தியில் உப்புத் திரளும் பக்குவம், நாள் முழுதும் உவரில் நின்று வெடிக்கும் கால்கள் ஆகியவற்றைப் பட்டறிந்தோரின் மதிப்பீடு எந்த நடுவர் குழுவின் தீர்ப்புக்கும் தாழ்ந்ததன்று. இக்கடற்கரையில் தன்னுரிமைத் திரைப்பட விழா ஒன்று தொடங்கப்பட வேண்டும் என நாம் வலியுறுத்துவது இதனாலேயே.

தன்னுரிமை என்பது முதற்கண் பணத்தைப் பற்றியது. 2006இல் கோரக்பூரில் தொடங்கிய 'எதிர்ப்பின் சினிமா' இயக்கம் அரசின் நிதியையும் பெருநிறுவனங்களின் கொடையையும் மறுத்து, பார்வையாளர் தரும் காசிலேயே விழா நடத்தியது. வடபுலத்து ஊர்கள் பலவற்றுக்கும் பரவியது. தமிழில் 'அக்ரகாரத்தில் கழுதை' எடுத்த ஜான் ஆபிரகாம், கேரளத்தில் ஒடேசா குழுவினருடன் ஊர் ஊராகப் படம் காட்டி, மக்களிடம் திரட்டிய நிதியில் 1986இல் 'அம்ம அறியான்' படைத்தார். சிறு தொகையேனும் கொடுத்தவர், எப்படம் காட்டலாம் என்று கேட்கும் உரிமையையும் பெறுகிறார். கொடையாளரின் பெயர்ப்பலகையை நம்பி எழும் விழாவில் அவ்வுரிமை பலகைக்குரியவரிடம் போய்விடும்.

பணத்தினும் கடிய தடை சட்டம். 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி, பொதுவில் காட்டும் படத்துக்குத் தணிக்கைச் சான்று வேண்டும். விழாக்களுக்கு ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் விலக்களிக்கிறது. ஆனால் பார்ப்போர் முன்பதிவு செய்த பிரதிநிதிகளாக இருத்தல் வேண்டும். 2004ஆம் ஆண்டு மும்பை ஆவணப்பட விழாவுக்கு இந்தியப் படங்களிடம் மட்டும் சான்று கேட்கப்பட்டபோது இயக்குநர்கள் ஒன்றுதிரண்டு எதிர்த்தனர். 'விகல்ப்' என்னும் மாற்று விழாவையும் நடத்திக் காட்டினர். மாநகர அரங்கில் அட்டை அணிந்து அமர்வோர்க்கு எளிதாகும் இவ்விதி, ஊர்த்திடலில் பாய்விரித்து அமர்வோரை வெளியே நிறுத்துகிறது. இதனை நாம் ஏற்பதற்கில்லை.

காலமும் கருதத்தக்கது. ஐப்பசி, கார்த்திகையில் அளங்கள் மழைநீரில் மூழ்கிக் கிடக்கும், கூலியும் இராது. பங்குனி, சித்திரையிலோ வைகறைக்கு முன்னரே வேலைக்குச் செல்வோர் இரவில் கண்விழிக்க இயலாது. மழை ஓய்ந்து பாத்திகளைச் செப்பனிடத் தொடங்கும் தைத் திங்களே ஏற்றது. அப்போதும் இரவு ஒன்பதுக்குள் திரையிடல் முடிதல் நன்று. பிறமொழிப் படங்களுக்குத் தமிழ் எழுத்துகள் மட்டும் போதா. எழுத்தறியாத முதியோர்க்காக ஒருவர் உடனிருந்து உரக்க விளக்க வேண்டும்.

திறந்தவெளியில் கூடும் ஊராரையும் பிரதிநிதிகளாக ஏற்குமாறு அமைச்சகம் தன் நெறிமுறையைத் திருத்துக. திருத்தம் வரும்வரை விழாக் குழுவினர் பதிவேட்டை ஏந்தி அளத்து வரப்புக்கே சென்று, கட்டணமின்றித் தொழிலாளர் பெயர்களை எழுதிக்கொள்க.