தண்டனை மகனுக்கு, பில் தாய்க்கா?

ஜெயிலில் இருப்பவன் மகன். அவன் முகத்தைப் பார்க்கக் காசு கட்டுகிறவள் தாய்!

அமெரிக்காவில் பல ஜெயில்களில் இதுதான் நடக்கிறது. கைதியோடு போனில் பேசவும், வீடியோவில் முகம் பார்த்துப் பேசவும் நிமிஷக் கணக்கில் பணம். இந்த வசதியை நடத்துவது தனியார் கம்பெனிகள். எந்தக் கம்பெனி என்று முடிவு செய்வது ஜெயில் நிர்வாகம். பணம் கட்டும் குடும்பத்துக்கு வேறு கடை கிடையாது. சொன்ன விலைதான் விலை!

இதை எதிர்த்துப் போராடியவர் ஒரு பாட்டி. வாஷிங்டனைச் சேர்ந்த மார்த்தா ரைட் ரீட். கண் பார்வை இல்லாதவர். பேரனுக்குக் கடிதம் எழுத முடியாது. அவன் இருந்த ஜெயிலோ வெகு தூரம். போன் ஒன்றுதான் வழி.

2000-ல் கோர்ட்டுக்குப் போனார். 2003-ல் மத்திய தொலைத்தொடர்பு கமிஷனிடம் மனுக் கொடுத்தார். 2015-ல் கண்ணை மூடினார். 2023 ஜனவரியில்தான் அவர் பெயரில் சட்டம் வந்தது. வீடியோ கட்டணத்துக்கும் கடிவாளம் போடும் அதிகாரம் கமிஷனுக்குக் கிடைத்தது.

2024 ஜூலையில் கமிஷன் உச்சவரம்பு விதித்தது. பெரிய ஜெயில்களில் 15 நிமிஷப் போன் பேச்சுக்கு 11 டாலர் 35 சென்ட் வரை வாங்கியது 90 சென்டாகக் குறையும் என்றார்கள். வீடியோவுக்கு, ஜெயிலைப் பொறுத்து, நிமிஷத்துக்கு 11 முதல் 25 சென்ட் வரைதான். கம்பெனிகள் ஜெயில்களுக்குத் தரும் கமிஷனுக்கும் தடை!

குடும்பங்கள் பெருமூச்சு விட்டன. ஆனால் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

2025 ஜூன் கடைசியில் அதே கமிஷன், புதிய கட்டணம் 2027 ஏப்ரலுக்குத் தள்ளிவைப்பு என்று அறிவித்தது. அக்டோபரில் உச்சவரம்பையே உயர்த்தியது. ஓட்டு 2-க்கு 1.

ஜெயில் தரப்பு சொல்லும் காரணம் என்ன? பேச்சைக் கண்காணிக்கச் செலவாகிறதாம். ஆகட்டும். காவல் காப்பது சர்க்கார் வேலை. அந்தச் செலவைப் பாட்டி தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

இன்னொரு கொடுமையும் உண்டு. "அதான் வீடியோ இருக்கே, நேரில் எதுக்கு?" என்று நேரில் பார்க்கும் அனுமதியையே நிறுத்திய உள்ளூர் ஜெயில்கள் பல. தூரத்தில் இருப்பவருக்கு வீடியோ வரப்பிரசாதம்தான். ஆனால் பக்கத்துத் தெருவிலிருந்து நடந்து வரும் தாயையும் திரைக்கு முன் உட்கார வைத்துக் காசு கேட்டால் அதன் பெயர் வசதியா? வியாபாரம்!

வழி இல்லாமல் இல்லை. மாசசூசெட்ஸ் மாநிலம் 2023 டிசம்பரில் கைதிகள் வீட்டாரோடு பேசுவதை இலவசமாக்கியது. அங்கே முடிந்தது மற்ற மாநிலங்களில் ஏன் முடியாது?

வீட்டோடு உறவு அறுந்தவன் விடுதலையானால் எங்கே போவான்? பழைய கூட்டத்துக்குத்தான். அந்த நஷ்டம் ஊருக்கும் சேர்த்துத்தான்.

இலவசமாக்கும் வரை, 2024-ல் விதித்த உச்சவரம்பாவது திரும்ப வரவேண்டும். நேரில் பார்க்கும் கதவும் திறந்திருக்க வேண்டும்.

தீர்ப்பு எழுதிய நீதிபதி தாய்க்கு அபராதம் போடவில்லை. கம்பெனி ஏன் போடவேண்டும்?