கருவியின் அமைப்பும் கற்போர் கடமையும்

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது நம்மவர் பழமொழி. தம் குறையை மறைத்துக் கருவியைப் பழிப்போரை இஃது எள்ளி நகையாடுகின்றது. ஆயினும் கூடம் மெய்யாகவே கோணலாயிருத்தலும் உண்டு. அதனை முன்னரே நோக்கிச் சீர்செய்யாது ஆடப்புகுவாளாயின், அப்பொழுதும் பிழை ஆடுவோளதே. கணினி ஆய்வுக்கூடத்தில் எம்முடன் பயிலும் அன்பர்கட்கு யாம் சொல்லக் கருதியது இதுவேயாம்.

கணினி அறிவது எண்களையே. மனிதர் எழுதும் நிரல், முடிவில் பைட்டு எனப்படும் சிற்றெண்களின் வரிசையாகிப் பொறியினுட் புகுகின்றது. கட்டளைச் சொற்களை அவ்வெண்களாக மாற்றுவது அசெம்ப்ளர். அவ்வெண்களை மீட்டும் கட்டளைச் சொற்களாக்கிக் காட்டுவது டிஸ்அசெம்ப்ளர். மூலம் கிட்டாத நிரலொன்று யாது செய்கின்றது, அதனுள் தீங்கேதும் ஒளிந்துளதோ என ஆராய்வார்க்கு இப்பின்னைய கருவியே கண்ணாகும். ஆப்ஜ்டம்ப், ரடாரே2, ஐடா, 2019-ஆம் ஆண்டில் அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமை யாவர்க்கும் திறந்துவிட்ட கீட்ரா முதலியன இவ்வினத்தைச் சார்ந்தவை. செயலி யாது, பிட் எத்தனை, கட்டளையை எந்நடையில் எழுதுவது, எண்ணை எம்முறையிற் காட்டுவது என்றின்னோரன்ன அமைப்புகள் இவற்றில் மிகப் பல. மாணாக்கர் பலர் இவற்றையெல்லாம் திரையின் நிறம்போன்ற அலங்காரமென்றே எண்ணி, அண்டையிலிருப்போர் வைத்தவாறே தாமும் வைத்துக்கொள்கின்றனர். இது பெருந்தவறென்பது எம் துணிபு.

இவ்வமைப்புகள் இருவகைப்படும். காட்சியை மட்டும் மாற்றுவன ஒருவகை. பொருளையே மாற்றுவன மற்றொருவகை. "செம்பொன்பதின்றொடி" என்னுந் தொடரை இலக்கண ஆசிரியர் காட்டுவர். அதனைச் செம்பொன் பதின்றொடி எனப் பிரிப்பின் பொன்னாம். செம்பு ஒன்பதின்றொடி எனப் பிரிப்பின் செம்பாம். எழுத்து ஒன்றே, பிரிக்கும் இடம் வேறாகவே பொருளும் வேறாயிற்று. பைட்டு வரிசைக்கும் இந்நிலையே உண்டு. அதனை எங்கே பிரிப்பதென்று கருவிக்குச் சொல்வது நாம் வைக்கும் அமைப்பேயாம்.

இதனை யாம் பட்டே அறிந்தோம். சென்ற பருவத்தில் ஒருநாள், சிறு நிரற்பகுதி யொன்றைக் கொடுத்து, இஃது எண்ணைச் சேமிக்குமுன் அதனை மாற்றுகின்றதா என்று ஆராயுமாறு எம் ஆசிரியர் பணித்தார். முழுக் கோப்பாயின் அதன் தலைப்பகுதியே செயலியின் வகையையும் பிட்டின் அளவையும் கருவிக்கு அறிவித்துவிடும். எமக்குக் கொடுத்ததோ தலைப்பகுதி நீங்கிய வெறும் துண்டு. 64 பிட்டுக்குரியதென்று வாயினாற் சொல்லப்பட்டது. அதன்கண் 48 89 07 என மூன்று பைட்டுகள் இருந்தன. எம் கருவி அவற்றை இரண்டு கட்டளைகளாகக் காட்டிற்று: ரெஜிஸ்டரிலுள்ள எண்ணில் ஒன்றைக் குறை, பின்னர் அதனை நினைவகத்தில் இடு. "இந்நிரல் எண்ணைக் குறைத்துச் சேமிக்கின்றது" என யாம் துணிந்து எழுதினோம். அடுத்த பலகையிலிருந்த நண்பர்க்கோ அம்மூன்று பைட்டுகளும் ஒரே கட்டளையாயின: ரெஜிஸ்டரிலுள்ள எண்ணை உள்ளவாறே நினைவகத்தில் இடு.

அவர் கண்டதே சரி. முந்திய பாடத்திற்காக 32 பிட் என்று எம் தொடக்கக் கோப்பில் எழுதியதை நீக்க மறந்திருந்தோம். 32 பிட் முறையில் 48 என்பது ஒன்றைக் குறைக்குங் கட்டளை. 2003-ஆம் ஆண்டில் ஏ.எம்.டி. நிறுவனத்தாரின் ஆப்டெரான் செயலியோடு வந்த 64 பிட் முறையிலோ அவ்வெண் உள்ளிட்ட ஓரினமாகிய பதினாறு எண்களும் தனிக் கட்டளையாதலை இழந்து, பின்வருங் கட்டளையை விரிக்கும் முன்னொட்டாயின. பழைய கண்ணாடியாற் புதிய ஏட்டைப் படித்துக் குற்றமற்ற நிரலைக் குற்றவாளியாக்கினோம். பயிற்சிக் கூடத்தில் மதிப்பெண் போனதோடு அமைந்தது. நாளை இதே தொழிலில் அமர்ந்து, பிறர் எழுதிய நிரலைத் தீயதென்றும் நல்லதென்றும் தீர்ப்பளிக்குங்கால் இத்தகைய பிழை எவரைச் சென்று தாக்குமென்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

காட்சியை மட்டும் மாற்றும் அமைப்புகளும் அறியாதாரை மயக்கவல்லன. இன்டெல் நடை, ஏ.டி. அண்டு டி. நடை என இருநடைகள் வழங்குகின்றன. இன்டெல் நடையில் சேருமிடம் முன்னும் பொருள் பின்னும் நிற்கும். மற்றதில் பொருள் முன்னும் இடம் பின்னும் நிற்க, ரெஜிஸ்டருக்கு % குறியும் மாறிலிக்கு $ குறியும் சேரும். ரடாரே2 இயல்பாக முதல்நடையையும், ஆப்ஜ்டம்ப் இரண்டாம் நடையையும் காட்டும். ரெஜிஸ்டரை 5 என்னும் எண்ணோடு ஒப்பிட்டுப் "பெரிதாயின் தாவுக" என்னும் கட்டளையை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் நடையில் 5 முன்னே நிற்பதால், 5 பெரிதாயின் தாவும் என்று புதியவர் படித்துவிடுவர். உண்மையில் ரெஜிஸ்டர் 5-இனும் பெரிதாயினன்றோ தாவும்? நிபந்தனை தலைகீழானால் நிரலின் கதையே தலைகீழாம். எண்களின் நிலையும் அத்தன்மைத்தே. 32 பிட்டும் ஒன்றாக நிற்கும் எண்ணைக் குறியின்றிக் காட்டின் 4294967295. குறியோடு காட்டின் -1. இவற்றுள் எது பொருந்துமென்பதைச் சூழ்ந்துள்ள கட்டளைகளைப் படித்தே உணர்தல் வேண்டும். திரை தானே சொல்லாது.

ஆய்வுக்கூடம் முழுமைக்கும் ஒரே அமைப்பை வகுத்து, அதனை எவரும் தொடாதவாறு பூட்டிவிடின் இத்தொல்லை நீங்குமென்று பெரியோர் சிலர் கூறுவர். முதற்பருவத்து மாணாக்கர்க்கு இது நன்றே. எல்லார் திரையும் ஒத்திருந்தாலன்றி ஆசிரியர் விளக்குதலும் அரிது. ஆயினும் அதனையே ஈராண்டும் நீட்டித்தல் நடைவண்டி பிடித்த குழந்தையை என்றும் அதனோடே விட்டுவைத்தல் போலாம். வெளியுலகில் 64 பிட் இன்டெல் நிரல் மட்டுமே வந்து நிற்குமென்பதற்கு உறுதியுண்டோ? கைபேசியினுள்ளது ஆர்ம் செயலி. அதன் பழைய 32 பிட் வகையிலேயே நான்கு பைட்டுக் கட்டளையும், தம்ப் எனப்படும் குறுங்கட்டளையும் ஒரே நிரலில் விரவி வரும். பூட்டிய அமைப்பில் மட்டுமே பழகியவர் ஆங்கு யாது செய்வார்?

ஆதலின் யாம் வேண்டுவன மூன்று. முதலாவது, செய்முறைப் பதிவேட்டில் ஒவ்வொரு பயிற்சியின் தலையிலும் செயலி, பிட், பைட்டு வரிசை முறை, நடை ஆகிய நான்கனையும் எழுதுதல் வேண்டும். வேதியியற் கூடத்தில் அளவைக் குறியாத பதிவு செல்லாதன்றோ? இரண்டாவது, கட்டளைக்கு இடப்புறத்தே மூலப் பைட்டுகளைக் காட்டும் அமைப்பை எஞ்ஞான்றும் மறைத்தலாகாது. அன்று யாம் அதனை மறைத்திராவிடின், 48 என்பது தனித்து நிற்பதைக் கண்டேனும் ஐயுற்றிருப்போம். மூன்றாவது, கட்டளைகளை எளிய வாசகமாக்கிக் காட்டும் அமைப்பைப் பழகுங்காலத்தில் அணைத்து வைத்தல் வேண்டும். உரையைப் படித்தபின் மூலத்தைப் படிப்பார் அரியர். மூலத்தைப் படித்தபின் உரையை நாடுவார்க்கே உரை பயன்படும்.

இவை பெருஞ்செலவு வேண்டுவன அல்ல. அரை நிமிடக் கவனமே வேண்டுவன. ஆசிரியர் பெருமக்கள் இவற்றை ஆராய்ந்து, ஏற்புடையனவாயின் வரும் பருவமுதல் நடைமுறைக்குக் கொணர்வாராக. உடன்பயிலும் அன்பர்களும் கருவி காட்டியதைக் கண்டோமென்று அமையாது, எவ்வமைப்பின்கீழ்க் காட்டியதென்றும் வினவிப் பழகுவாராக. யாமும் அன்றுமுதல், எந்தத் துண்டைத் திறந்தாலும் முதலில் எம் தொடக்கக் கோப்பையே திறந்து பார்த்து வருகின்றோம்.