ஒரு கணிப்பொறியில் இரண்டு இயங்குதளங்கள்

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு அளிக்கப்பட்டுவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. பழைய கணிப்பொறிகள் பலவற்றில் விண்டோஸ் 11 இயங்குதற்குரிய தகுதிகள் இல்லை. ஆகவே அவற்றைக் கழித்துவிட வேண்டுமென்பது பொருந்தாத முடிவாகும்.

சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் விலையின்றிக் கிடைப்பது. தமிழ், தெலுங்கு இரண்டையும் ஏற்பது. இரு மொழிகளும் வழங்கும் சித்தூர், திருப்பதி மாவட்டப் பள்ளிகளுக்கு இது மிகவும் ஏற்றது. ஆயினும் சில மென்பொருள்கள் விண்டோஸில் மட்டுமே இயங்குமென்ற தடை கூறப்படுகிறது.

இதற்கு மெய்நிகராக்கம் விடையளிக்கிறது. ஐ.பி.எம். நிறுவனம் 1972இலேயே பெருங்கணிப்பொறிகளுக்கு வி.எம்./370 என்ற பெயரில் இதனை வழங்கிற்று. இன்று விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளின் துணையால், லினக்ஸினுள்ளே விண்டோஸ் ஒரு சாளரத்தில் இயங்கும். அதன் வட்டு முழுவதும் ஒரு கோப்பாகவே இருப்பதால், படியெடுத்து வைத்து, பழுதுற்றால் மீட்கலாம். இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டால், ஆதரவிழந்த இயங்குதளத்தால் நேரும் அபாயமும் பெரிதும் குறையும்.

நினைவகத்தை இரண்டும் பங்கிட்டுக்கொள்ளும் என்பதை மறத்தலாகாது. 8 ஜி.பி. இருப்பின் நலம், 4 ஜி.பி. மட்டுமேயுள்ள பொறியில், தொடக்கத்திலேயே ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் இரட்டை நிறுவல் முறையே தக்கது. உள்ளே இயங்கும் விண்டோஸுக்கும் உரிமம் வேண்டும்.

ஆசிரியர்களும் கள அலுவலர்களும் கோப்புகளைப் படியெடுத்துக்கொண்டு, முதலில் ஒரே பொறியில் இம்முறையைச் சோதித்தறிவார்களாக. கழித்தொதுக்கும் முடிவு அதன் பின்னரே எழவேண்டும்.